'பிளாஸ்டிக் டப்பா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த பார்ட்டோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தார். அந்தக் காலத்து கார் எல்லாம் இரும்பு, இப்ப வர்றது எல்லாம் பிளாஸ்டிக் டப்பா, லேசா இடிச்சாலே நொறுங்குது, கம்பெனிக்காரங்க காசு மிச்சம் பிடிக்க நம்ம உயிரோட விளையாடுறாங்கன்னு. அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல. நான் இருபது வருஷத்துக்கு மேல கம்போசிட், அதாவது நார் போட்டு இறுக்கின பிளாஸ்டிக், அதை அச்சுல வார்க்குற மோல்டிங் லைன்ல வேலை பாக்குறவன், கிளாஸ் ஃபைபர்ங்குற கண்ணாடி இழை, அதை ஒட்டிப் பிடிக்கிற ரெசின், பிரஸ், இதுதான் என் தினசரி வாழ்க்கை. அவர் பயப்படுறதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் பயப்படுற இடத்துல ஆபத்து இல்ல, ஆபத்து இருக்குறது இடிச்சதுக்கு அப்புறம் நடக்குற ரிப்பேர்ல, அதைப் பத்தி அவரும் பேசல, கார் விக்கிறவங்களும் பேசல, ரிப்பேர் பண்றவங்களும் பேசல. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த பம்பர் விஷயம். காருக்கு முன்னாடி வெளிய தெரியுதே, பெயிண்ட் அடிச்ச பம்பர், அது பம்பரே இல்ல, பம்பரோட சட்டைன்னு வேணா சொல்லலாம். பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்ல கொஞ்சம் ரப்பரும் டால்க் பவுடரும் கலந்து ஊத்தி எடுக்குறது. அது வண்டியோட வெயிட்டைத் தாங்கவும் இல்ல, மோதல்ல பெரிய அடியை வாங்கவும் இல்ல, அதோட வேலை காத்தை ஒழுங்கா வழிவிடுறது, பாக்க அழகா இருக்குறது, நடந்து போறவங்க கால்ல பட்டா எலும்பு உடையாத மாதிரி கொடுத்து வாங்குறது. அதுக்குப் பின்னாடி ஃபோம் இருக்கும், அதுக்கும் பின்னாடி ஒரு பீம் குறுக்கால ஓடும், அது ஸ்டீலாவோ அலுமினியமாவோ கிளாஸ் ஃபைபர் கம்போசிட்டாவோ இருக்கும், உண்மையான அடி போய்ச் சேர்றது அங்கதான். சட்டை கிழிஞ்சதைப் பாத்துட்டு உடம்புல தெம்பே இல்லன்னு முடிவு கட்டுறது சரியா?

அடுத்தது, பிளாஸ்டிக்கும் கம்போசிட்டும் ஒண்ணு இல்ல. கான்கிரீட்டுல கம்பி கட்டுறோமே, அதுதான் இங்கயும் நடக்குது. வெறும் சிமெண்ட் இழுத்தா விரிசல் விடும், வெறும் கம்பி நின்னா வளையும், ரெண்டும் சேர்ந்தா மாடி நிக்குது. கார்ல சிமெண்ட்டுக்குப் பதில் ரெசின், அதாவது பாலியஸ்டர், எபாக்ஸி, நைலான், பாலிபுரோப்பிலீன் மாதிரி ஒரு பாலிமர், கம்பிக்குப் பதில் கிளாஸ் ஃபைபர் இல்ல கார்பன் ஃபைபர், சில இடத்துல சணல், ஃபிளாக்ஸ் மாதிரி செடி நார் கூட. ஒரு கார்பன் ஃபைபர் இழையோட தடிமன் 5லேர்ந்து 7 மைக்ரான்தான், நம்ம தலைமுடியில பத்துல ஒரு பங்கு. அந்த இழை ஆயிரக்கணக்கா சேர்ந்த கத்தையை விரலுக்கு நடுவுல வெச்சுப் பாத்தா பட்டு மாதிரி வழுக்கும், இதுவா காரைத் தாங்கப் போகுதுன்னு தோணும். ரெசின் ஊறி, சூட்டுல இறுகி, தகடா வெளிய வந்ததுக்கு அப்புறம் அதே கத்தையை நீள வாக்குல இழுத்து அறுக்கணும்னா பெரிய டெஸ்டிங் மெஷின் வேணும்.

'நீள வாக்குல'ன்னு சொன்னேன் பாருங்க, இந்த லெட்டர் முழுக்க அதுலதான் தொங்குது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். இரும்புத் தகட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பலம். கம்போசிட் அப்படி இல்ல, ஃபைபர் ஓடுற திசையில சிங்கம், ஃபைபருக்குக் குறுக்கால இழுத்தா வெறும் ரெசினோட பலம்தான். எங்க ஷாப்புக்கு வேலைக்கு வர்ற புதுப் பசங்களுக்கு நான் முதல் நாள் காட்டுறதே இதைத்தான். ஒரே தகட்டுல வெட்டின ரெண்டு பட்டை, ஒண்ணுல ஃபைபர் நீளமா ஓடும், இன்னொண்ணுல குறுக்கால. ரெண்டாவதை ரெண்டு கையால வளைச்சா சட்டுனு உடைஞ்சிடும், உடைஞ்ச ஓரம் சீராக் கூட இருக்கும். முதல் பட்டையை யாராலயும் கையால உடைக்க முடியாது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே வெயிட்டு, ஒரே பளபளப்பு. பலம் பொருள்ல மட்டும் இல்ல, ஃபைபர் அறுபடாம ஓடுறதுல இருக்குன்னு அந்தப் பசங்க முகத்துல புரியிற நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிரஸ்ல ஓடுற எஸ்எம்சின்னு ஒண்ணு இருக்கு, ஷீட் மோல்டிங் காம்பவுண்ட். ரெண்டு பக்கமும் ஃபிலிம் ஒட்டின, மாவும் தோலும் சேர்ந்த மாதிரி பிசுபிசுன்னு இருக்குற ஷீட்டு, உள்ள ஒரு இன்ச் நீளத்துக்கு வெட்டிப் போட்ட கிளாஸ் ஃபைபர், பாலியஸ்டர் ரெசின், சுண்ணாம்புப் பவுடர். ஃபிலிமை உரிச்சு, வெட்டி, கிராம் கணக்குல எடை போட்டு, 150 டிகிரி கிட்ட சூடா இருக்குற மோல்டுக்கு நடுவுல அடுக்கி வெப்போம், பிரஸ் இறங்கும், உள்ள அந்த ஷீட் இளகி ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரப்பும், ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன, திறந்தா டிக்கி கதவோட உள் பேனலோ எலெக்ட்ரிக் கார் பேட்டரி மூடியோ சூடா கைக்கு வந்திடும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு பக்கத்துல இருந்து ஓடி வர்ற பொருள் ஒரு இடத்துல சந்திக்குமே, அந்தக் கோட்டுல ஃபைபர் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகாது, முட்டி நின்னுடும். வெளியப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆனா அந்தக் கோடுதான் பார்ட்டோட பலவீனம். அதனாலதான் ஷீட்டை எங்க வைக்கணும், எத்தனை அடுக்குன்னு டிராயிங் போட்டுக் கொடுப்பாங்க, அவசரத்துல நாலு விரக்கடை தள்ளி வெச்சா கூட அந்தக் கோடு போல்ட் ஓட்டை மேல போய் உக்காந்திடும்.

கார்ல இதெல்லாம் நேத்து வந்த சமாச்சாரம்னு நினைக்கிறாங்க. ஹென்றி ஃபோர்டு 1941லயே ஸ்டீல் குழாய் சட்டத்து மேல பிளாஸ்டிக் பேனல் மாட்டின காரைக் காட்டினார். 1953ல செவர்லே கார்வெட் முழு பாடியும் கிளாஸ் ஃபைபர்ல வந்துச்சு, அந்த வருஷம் செஞ்சது 300 வண்டி, இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேர் ஓடுது. 1957ல லோட்டஸ் எலீட் இன்னும் ஒரு படி மேல போய், தனியா இரும்பு சேஸிஸே இல்லாம கிளாஸ் ஃபைபர் கூட்டையே சேஸிஸா வெச்சுக் காட்டினாங்க. அதே வருஷம் கிழக்கு ஜெர்மனியில டிராபான்ட்னு ஒரு சின்ன கார், ஸ்டீல் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால பஞ்சுக் கழிவை ஃபீனாலிக் ரெசின்ல அழுத்திப் பேனல் பண்ணினாங்க, 1991 வரைக்கும் 30 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. அந்த டிராபான்ட்டோட கதைக்குத் திரும்ப வருவேன்.

உயிர் பயத்தைப் பத்திப் பேசினார் இல்லையா அந்த வாசகர், அவருக்கு 1981ல இத்தாலியில மோன்ஸாவுல நடந்த ஃபார்முலா ஒன் ரேஸைச் சொல்லணும். அந்த வருஷம்தான் மெக்லாரன் எம்பி4/1ன்னு ஃபார்முலா ஒன்ல முதல் முறையா டிரைவர் உக்கார்ற கூட்டைக் கார்பன் ஃபைபர்ல செஞ்ச காரை இறக்கினாங்க, ஜான் பர்னார்டு டிசைன். அடிச்சா தூள் தூளாப் போயிடும்னு அப்பவும் பேச்சு இருந்துச்சு. மோன்ஸால ஜான் வாட்சன் ஓட்டின கார் கட்டுப்பாடு இழந்து பின்பக்கமாப் போய்த் தடுப்புல மோதி, எஞ்சினும் கியர்பாக்ஸும் பிய்ஞ்சு தனியாப் போயிடுச்சு, கார்பன் கூடு அப்படியே நின்னுச்சு, வாட்சன் காயம் இல்லாம இறங்கி நடந்து போனார். அதுக்கப்புறம் சில வருஷத்துக்குள்ள மத்த டீம் எல்லாம் அந்த வழிக்கே வந்தாங்க. 1992ல மெக்லாரன் எஃப்1 ரோட்டுல ஓடுற காருக்கே அந்தக் கூட்டைக் கொண்டு வந்துச்சு.

அடி வாங்குற விதம்தான் வேற. ஸ்டீல் மடிஞ்சு மடிஞ்சு அடியை வாங்கும், கசங்கின பேப்பர் மாதிரி. சரியா டிசைன் பண்ணின கம்போசிட் குழாய் முன்னால இருந்து பின்னாலயா சிதைஞ்சு பொடியாகிக்கிட்டே வரும், ஒவ்வொரு ஃபைபர் உடையும்போதும், ஒவ்வொரு அடுக்கு பிரியும்போதும் கொஞ்சம் கொஞ்சமா எனர்ஜியைச் சாப்பிட்டுக்கிட்டே வரும், ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு அடி வாங்குதுன்னு கணக்கு போட்டா கார்பன் குழாய் ஸ்டீலை விட நல்லாவே மேல நிக்கும். நீங்க ரோட்டுல பாக்குற அந்தத் தூளும் சிதறலும்தான் உள்ள இருக்குறவங்களைக் காப்பாத்தின செலவு. ஆனா தப்பா டிசைன் பண்ணினா இதே பொருள் வளையாம ஒரே அடியில பட்டுனு போயிடும், இரும்பு மாதிரி மடங்கி முன்கூட்டியே சொல்லாது. அதையும் நான் மறைக்கக் கூடாது.

எதுக்கு இவ்வளவு பாடுன்னா வெயிட்டுதான். ஒரு லிட்டர் அளவு ஸ்டீல் கிட்டத்தட்ட 7.8 கிலோ, அலுமினியம் 2.7, கார்பன் கம்போசிட் 1.6 சொச்சம், கிளாஸ் ஃபைபர் கம்போசிட் 1.9 மாதிரி. கார் வெயிட்டை 10 சதவீதம் குறைச்சா எரிபொருள் சிக்கனம் 6லேர்ந்து 8 சதவீதம் ஏறும்னு பொதுவா கணக்கு சொல்வாங்க. 1981 கார்வெட்ல பின்பக்கம் குறுக்கால வர்ற லீஃப் ஸ்பிரிங்கை கிளாஸ் ஃபைபர்ல மாத்தினாங்க, ஸ்டீல்ல சுமார் 18 கிலோ இருந்தது 4 கிலோவுக்கும் கீழ வந்துச்சு. லீஃப் ஸ்பிரிங்னா வண்டி ஓடுற ஒவ்வொரு நொடியும் வளைஞ்சு நிமிர்ற பார்ட், பிளாஸ்டிக் டப்பான்னு சொல்றவங்க அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கணும். ஹைட்ரஜன்ல ஓடுற டொயோட்டா மிராய் மாதிரி காருல கேஸ் டேங்க் 700 பார் அழுத்தம், அதாவது நம்மளைச் சுத்தி இருக்குற காத்தழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு தாங்குது, உள்ள பிளாஸ்டிக் குடம், வெளிய கார்பன் ஃபைபரைச் சுத்தி சுத்தி இறுக்கினது, அவ்வளவுதான். அதெல்லாம் வேண்டாம், உங்க சொந்தக் காரோட பானட்டைத் திறந்து எஞ்சினுக்குக் காத்துக் கொண்டு போற மேனிஃபோல்டைப் பாருங்க, கறுப்பா இருந்தா பெரும்பாலும் கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான், ஒரு காலத்துல அது அலுமினிய வார்ப்பு. எஞ்சின் சூட்டுல, அதிர்வுல, வருஷக்கணக்கா நிக்குது.

அப்புறம் ஏன் எல்லா காரையும் கார்பன்ல பண்ணலன்னு கேப்பீங்க. பிஎம்டபிள்யூ ஐ3 அதைத்தான் முயற்சி பண்ணிச்சு. 2013ல இருந்து 2022 வரைக்கும் சுமார் 2,50,000 வண்டி, ஆளுங்க உக்கார்ற கூடு முழுக்க கார்பன் ஃபைபர், கீழ பேட்டரியும் மோட்டாரும் அலுமினிய சட்டத்துல. கார்பன் ஃபைபர் செய்யணும்னா பாலிஅக்ரிலோநைட்ரைல்னு ஒரு இழையை முதல்ல 200லேர்ந்து 300 டிகிரில காத்துல பக்குவப்படுத்தி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில 1000 டிகிரிக்கு மேல வாட்டணும், போட்ட எடையில பாதிதான் கடைசில மிஞ்சும். கரண்ட் அவ்வளவு குடிக்கும். அதனாலதான் ஐ3க்கு ஜப்பான்ல செஞ்ச மூல இழையை அமெரிக்காவுல மோசஸ் லேக்குங்குற இடத்துக்குக் கொண்டு போய், நீர் மின்சாரத்துல வாட்டி, திரும்ப ஜெர்மனிக்குக் கொண்டு வந்து துணியாக்கி, லைப்சிக்ல கார் ஆக்கினாங்க. அவ்வளவு சிரத்தையா செஞ்ச வண்டிக்கு நேரா அடுத்த தலைமுறைன்னு ஒண்ணு வரல. அதுக்கப்புறம் முழுக் கூடு கிடையாது, எந்த இடத்துல வெச்சா லாபமோ அந்த இடத்துல மட்டும் வெக்கலாம்னு ஒரு பக்குவத்துக்குத் தொழில் வந்திருக்கு, 2015 பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல கூரையைத் தாங்குற தூண்லயும் மேல் சட்டத்துலயும் ஸ்டீலோட கார்பனைச் சேர்த்தது அந்த மாதிரிதான். எனக்குக் கேட்டா இதுதான் புத்திசாலித்தனம்னு தோணுது, பொருள் மேல பக்தி வேண்டாம், இடம் அறிஞ்சு வெச்சா போதும்.

இனிமே என் மனசுல இருக்குறதைச் சொல்றேன்.

என் தம்பி காரு, முன்னாடி போன வண்டி திடீர்னு நின்னதுல மெதுவாப் போய் இடிச்சுட்டான். பம்பர் சட்டை கீறல், ஒரு பக்கம் கொஞ்சம் உள்ள போயிருந்துச்சு, வேற ஒண்ணும் தெரியல. ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டான், ரெண்டு நாள்ல புது பம்பர் மாதிரி பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துட்டாங்க, சந்தோஷமா ஓட்டிக்கிட்டு இருந்தான். ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தவன், அண்ணே பானட் மூடும்போது ஒரு மாதிரி ஆடுது பாருன்னான். திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். நிறைய கார்ல முன்பக்கம் ரேடியேட்டர், ஹெட்லைட், பானட் லாக், இது எல்லாத்தையும் ஒரே சட்டத்துல மாட்டியிருப்பாங்க, ஃப்ரண்ட் எண்ட் கேரியர்னு பேரு, அது கிளாஸ் ஃபைபர் கலந்த பாலிபுரோப்பிலீன் இல்லன்னா நைலான். தம்பி கார்ல அந்த கேரியர், சரியா பானட் லாக் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல உடைஞ்சிருந்துச்சு. உடைஞ்ச இடத்துல சூடு காட்டி உருக்கி ஒட்டி, மேல கறுப்புப் பசையைத் தடவி, ஒரு தகரப் பட்டையை வெச்சு ரெண்டு ஸ்க்ரூ போட்டு, பம்பரை மாட்டி மூடிட்டாங்க. அந்த ஒட்டுல விரல் வெச்சு அழுத்தினேன், மயிரிழை மாதிரி ஒரு விரிசல் திறந்து மூடுச்சு, திறக்கும்போது உள்ள வெள்ளை வெள்ளையா ஃபைபர் நுனி நீட்டிக்கிட்டு இருந்தது தெரிஞ்சுச்சு, பல் துலக்குற பிரஷ் மாதிரி.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஹைவேல வேகமாப் போகும்போது அந்த லாக் பிடுங்கிக்கிட்டா பானட் எழும்பி கண்ணாடில அடிக்கும், முன்னால ரோடே தெரியாது.

அந்த வொர்க்‌ஷாப்காரர் கெட்டவர்னு நான் நினைக்கல. போய் கேட்டேன், அவர் சொன்னார், சார் பிளாஸ்டிக்குதானே, பிளாஸ்டிக்கை உருக்கினா ஒட்டிக்கும், காலம் காலமா பண்றோம்னு. அவர் சொன்னது வெறும் பிளாஸ்டிக்குக்குச் சரி. வாளி உடைஞ்சா உருக்கி ஒட்டலாம். இங்க உருகினது பாலிமர் மட்டும்தான், கிளாஸ் ஃபைபர் உருகாது, அறுந்த ஃபைபர் அறுந்ததுதான். ஒட்டின கோட்டைத் தாண்டி ஒரு இழை கூடப் போகல. மேல பிரஸ்ல ரெண்டு ஓட்டம் முட்டி நிக்குற கோட்டைப் பத்திச் சொன்னேனே, அதை விட மோசம். 30 சதவீதம் கிளாஸ் போட்டு அந்த பார்ட்டுக்கு ஏத்தி வெச்ச பலம் அந்த ஒரு கோட்டுல காணாமப் போயிடுச்சு, வெறும் பாலிபுரோப்பிலீன் லாக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கேரியரையே கழட்டிப் புதுசு போட்டோம். பழசை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து வெச்சிருக்கேன், இப்ப அந்தப் புதுப் பசங்களுக்கு அதையும் சேர்த்துக் காட்டுறேன்.

அந்தப் பழைய கேரியரைத் திருப்பினா பின்பக்கம் ரெண்டு அம்புக் குறிக்கு நடுவுல சின்ன எழுத்து அச்சு வார்த்திருக்கும், இங்கிலீஷ்ல PP-GF30, பிபி-ஜிஎஃப்30ன்னு. பிபின்னா பாலிபுரோப்பிலீன், ஜிஎஃப்னா கிளாஸ் ஃபைபர், 30ன்னா எடையில 30 சதவீதம். பிஏ (PA)ன்னு இருந்தா நைலான், சிஎஃப் (CF)னு இருந்தா கார்பன் ஃபைபர், டிடி20 (TD20)ன்னு இருந்தா டால்க் 20 சதவீதம், அது ஃபைபர் இல்ல. இது ரகசியமே இல்ல, எல்லாரும் படிக்கிற மாதிரி உலகம் முழுக்க ஒரே முறையில போடுற குறி. அந்த வொர்க்‌ஷாப்ல ஒருத்தர் அந்த ஜிஎஃப்ங்குற ரெண்டு எழுத்தைப் படிச்சிருந்தா உருக்கி ஒட்டியிருக்க மாட்டார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, அவ்வளவுதான். அதுதான் எனக்கு ஆத்திரமே.

பல அடுக்கு லேமினேட்டா செஞ்ச பார்ட்ல இது இன்னும் மோசம். எங்க ஷாப்புலயே ஒரு தடவை ஒரு கார்பன் பேனல் மேல ஸ்பானர் கை தவறி விழுந்துச்சு. மேல பாத்தா ஒரு புள்ளி, அரிசி அளவு கூட இல்ல, துடைச்சா போயிடும் போல இருந்துச்சு. எங்க பழைய சூப்பர்வைசர் ஒருத்தர், இப்ப ரிட்டயர் ஆயிட்டார், ஒரு நாணயத்தை எடுத்து ஓரத்துல இருந்து தட்டிக்கிட்டே வந்தார். டிங் டிங் டிங்னு கணீர்னு வந்த சத்தம் அந்தப் புள்ளிகிட்ட வந்ததும் டொப்னு செத்துப் போச்சு. சத்தம் செத்த இடத்தைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டார், என் உள்ளங்கை அளவு வந்துச்சு. அல்ட்ராசானிக் வெச்சுப் பாத்தப்ப அவர் போட்ட கோடும் மெஷின் காட்டுனதும் கிட்டத்தட்ட ஒண்ணு. உள்ள அடுக்கும் அடுக்கும் பிரிஞ்சிருக்கு, மேல தோல் மட்டும் சமத்தா இருக்கு. ஸ்டீல் தகடா இருந்தா நசுங்கி, நான் அடி வாங்கியிருக்கேன்னு காட்டிக் கொடுத்திருக்கும். கம்போசிட் அப்படிக் காட்டிக் கொடுக்காது, கேட்டாத்தான் சொல்லும், எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சவங்க வேணும்.

இதே அறியாமை வேற விதத்துலயும் கடிக்குது. கார்பன் கரண்ட் கடத்தும், அதனால கார்பன் பார்ட்டை நேரா அலுமினியத்து மேல உக்கார வெச்சு நடுவுல ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும். கம்பெனில நடுவுல ஒரு கிளாஸ் ஃபைபர் அடுக்கோ பசையோ வெச்சு ரெண்டையும் தொட விடாமப் பிரிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்குத் தகுந்த போல்ட் போட்டிருப்பாங்க. ரிப்பேர்ல அது தெரியாம கைக்குக் கிடைச்ச போல்ட்டைப் போட்டு முறுக்கினா முதல் வருஷம் ஒண்ணும் தெரியாது. அப்புறம், இதை கிரைண்டர்ல அறுக்குற பசங்களைப் பாத்தா வயிறு எரியுது, மாஸ்க் கிடையாது, தூசி உறிஞ்சுற மெஷின் கிடையாது, கிளாஸ் தூசி தோல்ல ஏறினா ராத்திரி முழுக்க அரிக்கும், மூச்சுல போனா சொல்லவே வேண்டாம். எங்க லைன்ல நான் சேர்ந்த புதுசுல எங்களுக்கும் யாரும் சொல்லல, முழங்கை வரைக்கும் சிவந்து போய்த்தான் கத்துக்கிட்டோம்.

டிராபான்ட்டுக்குத் திரும்ப வர்றேன்னு சொன்னேன். கிழக்கு ஜெர்மனிங்குற நாடே இல்லாமப் போனதுக்கு அப்புறம் அந்த லட்சக்கணக்கான காரை என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சாங்க, ஏன்னா அந்தப் பேனல் துருவும் பிடிக்காது, உருகவும் உருகாது. எபாக்ஸி, பாலியஸ்டர், ஃபீனாலிக், இந்த ஜாதி ரெசின் எல்லாம் ஒரு தடவை இறுகினா இறுகினதுதான், திரும்ப இளகாது. இன்னிக்கு ஐரோப்பாவுல ஆயுள் முடிஞ்ச காரோட எடையில 85 சதவீதம் மறுபடி உபயோகமாவோ மறுசுழற்சியாவோ போகணும், எரிச்சு எனர்ஜி எடுக்குறதையும் சேர்த்து 95 சதவீதம் மீட்டு எடுக்கணும்னு 2015ல இருந்து சட்டம் இருக்கு. ஸ்டீலை உருக்கினா ஸ்டீல், கார்பன் கம்போசிட்டை ஆக்சிஜன் இல்லாம 500 டிகிரி கிட்ட வாட்டி ரெசினை ஓட்டிட்டா ஃபைபர் கிடைக்கும், ஆனா நீளம் போயிடும், துண்டு துண்டாத்தான் கிடைக்கும். கிளாஸ் ஃபைபருக்கு அந்தச் செலவும் கட்டுப்படியாகாது, பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ, எரிக்கவோ, சிமெண்ட் சூளைக்கோதான் போகுது. அதனாலதான் நைலான், பாலிபுரோப்பிலீன் மாதிரி திரும்ப உருகுற பாலிமர்ல கம்போசிட் செய்யணும்னு இப்ப எல்லாரும் அந்தப் பக்கம் சாயுறாங்க, எனக்கும் அதுல முழு நம்பிக்கை. என் தொழில் மேல பாசம் இருக்குங்குறதுக்காக இந்தக் குறையைச் சொல்லாம விட முடியாது. பிரிச்சு எடுக்குறவங்களுக்கும் அந்தப் பின்பக்கத்துச் சின்ன எழுத்துதான் பெரிய வழிகாட்டி, பெயிண்ட் அடிச்சோ பசை தடவியோ அதை மறைச்சிட்டா எல்லாம் ஒரே குப்பைல போயிடும்.

கார் வாங்கும்போது தர்ற அந்தத் தடிமனான புத்தகத்துல பாட்டு கேக்குற சிஸ்டத்துக்கு முப்பது பக்கம் இருக்கு. என் காருல எது ஸ்டீல், எது அலுமினியம், எது ஃபைபர் போட்ட கம்போசிட், எது வெறும் மூடி, இடிச்சா எதை ரிப்பேர் பண்ணலாம், எதைக் கண்டிப்பா மாத்தணும்னு ஒரே ஒரு படம், ஒரு பக்கம், அதுல போட்டா என்ன குறைஞ்சு போயிடும்? கம்பெனிகிட்ட அந்த விவரம் எல்லாம் இருக்கு, ஐ3 மாதிரி வண்டிக்கு எந்த இடத்துல அறுத்து எந்தத் துண்டை மாத்தணும்னு முறையே வகுத்து வெச்சாங்க. அது பெரும்பாலும் அவங்க சொந்த சர்வீஸ் சென்டரோட நின்னுடுது, வெளிய இருக்குற வொர்க்‌ஷாப்புக்கு வர்றதில்ல. இன்சூரன்ஸ்காரங்களும் பம்பர் சட்டைக்கு போட்டோ எடுத்துட்டுப் போறாங்களே தவிர, அதைக் கழட்டி பின்னால கேரியரைப் பாக்கச் சொல்றதில்ல. கழட்டிப் பாக்க அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அந்த வாசகருக்கு என் வேண்டுகோள், உங்க கார் எங்கயாவது மெதுவா இடிச்சாலும் பம்பரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, வொர்க்‌ஷாப்காரர் பக்கத்துல நின்னு பாருங்க, உடைஞ்ச பார்ட்டைத் திருப்பி ஜிஎஃப்னோ சிஎஃப்னோ இருந்தா உருக்கி ஒட்ட விடாதீங்க.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. வாரா வாரம் மோட்டார் பக்கத்துல புது கார் எத்தனை செகண்டுல 100 போகுதுன்னு போடுறீங்க, நானும் ஆசையாப் படிப்பேன். அதுல ஒரு வாரம் அந்தக் குறியீட்டு எழுத்துக்களை அர்த்தத்தோட ஒரு கட்டம் கட்டிப் போடுங்க, வெட்டி வொர்க்‌ஷாப் சுவத்துல ஒட்டுற அளவுக்குப் பெருசா. எழுத்து, அர்த்தம், ஒட்டலாமா கூடாதா, எல்லாம் நான் எழுதித் தர்றேன். தம்பி கார்ல இருந்து கழட்டின அந்த உடைஞ்ச கேரியரையும் போட்டோ எடுக்கணும்னா கொண்டு வந்து தர்றேன், ஒட்டின கோட்டைக் கிட்டத்துல எடுக்கச் சொல்லுங்க, அந்த ஃபைபர் நுனி தெரியணும்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் படிக்கிற ஒரு மோல்டிங் தொழிலாளி